கத்தியவார் குதிரையின் இடது பின்னங்கால்

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் குதிரைகளுக்குத் தூசி தட்டினேன். இதற்குச் சவரம் செய்யும் பழைய பிரஷ்தான் சரி. துணியால் துடைத்தால் காது நுனியில் பெயின்ட் தேயும். பொம்மைக் குதிரையில் முதலில் தேய்வது அங்கேதான்.

மொத்தம் நாற்பத்தொன்று. எல்லாம் மகள் தேன்மொழியுடையவை. அவள் கல்யாணமாகி ஹைதராபாத் போய்விட்டாள். அவளுடைய அறை, அவளுடைய குதிரைகள். நான் பராமரிக்கிறேன், அவ்வளவுதான். வரிசை பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, அந்த வெளிநாட்டுக் கம்பெனி புதிதாக ஏதாவது விட்டால் ஒன்று வாங்கி வைக்கிறேன். இதைச் சேகரிப்பு என்று சொல்ல முடியாது.

பிரஷ்ஷைக் கழுவும்போது என் மனைவி தையல்நாயகி வாசலில் வந்து நின்றாள். கையில் மடித்த போர்வைகள்.

“இதை எங்க வைக்கறது?”

“பீரோவுல.”

“பீரோவுல குதிரை நிக்குது.”

“கீழ்த்தட்டுல?”

“அங்க குட்டி நிக்குது.”

போர்வைகளைக் கட்டிலில் போட்டுவிட்டு அவள் தீர்ப்பைச் சொன்னாள்.

“இங்க பாருங்க. இனிமே ஒரு குதிரை இந்த வாசப்படி ஏறக் கூடாது. கொலுவுக்கு வருஷம் ஒரு புதுப் பொம்மை வாங்கணும்கறது வழக்கம். அந்தச் சாக்குல போன வருஷம் ஒரு குதிரை வாங்கிட்டு வந்தீங்க.”

“அது கிருஷ்ணர் தேருக்கு.”

“கிருஷ்ணர் எங்க?”

“அப்புறமா வாங்கிக்கலாம்னு…”

“இந்த வருஷம் புதுப் பொம்மை நான் வாங்கிக்கறேன். நீங்க அந்த பாய் கடைப் பக்கமே போகக் கூடாது.”

சரி என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனேன். சிக்கந்தர் பாயின் பொம்மைக் கடை வழியில்தான் இருக்கிறது. இரண்டு தெரு சுற்றினால் வழிதான்.

பாய் போனை நீட்டினார். “சார், இதுக்குத்தான காத்துக்கிட்டு இருந்தீங்க?”

கத்தியவார் பெண் குதிரை. இந்தியக் குதிரையை அந்தக் கம்பெனி செய்வது இதுதான் முதல் தடவை. பொன்பழுப்பு நிறம், கறுப்புப் பிடரி. காது நுனிகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றன. இந்த இனத்தின் அடையாளமே அந்தக் காதுதான். நான் படத்தை ஆறு மாதமாகப் பார்த்து வருகிறேன்.

“எத்தனை பீஸ் வருது பாய்?”

“திருச்சிக்கு ஒண்ணுதான் கொடுத்திருக்காங்க. அதுவும் புக் ஆயிடுச்சு சார். ஒரு அம்மா வந்து சொல்லிவச்சிட்டாங்க.”

“எந்த அம்மா?”

“பேர் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. விவரமான அம்மா சார். படத்தைக் காட்டினதுமே, ‘காது ரெண்டும் நுனியில தொடணும், தொடலைன்னா வேணாம்’னாங்க. அவங்க வீட்டுல ஒருத்தர் ராத்திரியெல்லாம் போன்ல இந்தக் குதிரையையே பார்த்துக்கிட்டு இருக்காராம்.”

அவரும் என்னைப் போல ஒருவர்தான் போலிருக்கிறது. ஆனால் அதற்காக விட்டுக்கொடுக்க முடியாது. அந்த அம்மா தில்லைநகரில் ஏதாவது டாக்டர் மனைவியாக இருக்க வேண்டும். வாசலில் கார், டிரைவர். குதிரையை ஷோகேஸில் சீப்பு, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைப்பாள்.

செப்டம்பர் 11, புதன்

நேற்று காய்கறி வாங்க மறந்துவிட்டேன். இரண்டாம் நாளும் ரசம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

உறையூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் மாமா என்னைச் சம்பந்தி வீட்டாருக்கு “மாட்டு டாக்டர்” என்று அறிமுகம் செய்தார். பக்கத்தில் நின்ற தையல்நாயகி உடனே, “டாக்டர் இல்லீங்க, இன்ஸ்பெக்டர்” என்றாள். எல்லாக் கல்யாணத்திலும் இதைச் சொல்வாள். தகவல் சரிதான். நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் வேறு, ஆய்வாளர் வேறு. சாம்பார் ஊற்றவந்த பையனுக்குக்கூட அது தெரிந்தாக வேண்டும் என்று அவள் நினைப்பது ஏன் என்றுதான் புரியவில்லை.

முசிறி, தொட்டியம், லால்குடி என்று எல்லா இடத்திலும் வேலை பார்த்தேன். மாடு பார்த்தேன், ஆடு பார்த்தேன், கோழி பார்த்தேன். குதிரை மட்டும் வரவே இல்லை. லால்குடியில் ஒருமுறை ஒரு குதிரை வண்டி ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தது. கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். விலாசம் கேட்கத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

சாயங்காலம் தேன்மொழி போன் செய்தாள். உன் வரிசைக்கு வர வேண்டிய கத்தியவார் குதிரையை எவளோ தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று சொன்னேன்.

“அப்பா, நான் அஞ்சாம் கிளாஸ்ல வச்சு விளையாடினது மூணு குதிரை. மீதியெல்லாம் உங்களுது.”

“உனக்காகத்தாம்மா.”

“சரி, எனக்காக ஒண்ணு பண்ணுங்க. நவராத்திரி வரைக்கும் எதுவும் பண்ணாம சும்மா இருங்க.”

பிறகு என்னவோ சிரித்தாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளையும் சிரித்தார். நவராத்திரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தெரியவில்லை.

செப்டம்பர் 18, புதன்

சாப்பிடும்போது தையல்நாயகி கேட்டாள். “ஏங்க, குதிரையைப் படுக்கவச்சா காதுக்குக் கீழ பஞ்சு வைப்பீங்களே, எதுக்கு?”

மகிழ்ச்சியாக இருந்தது. பெட்டியில் படுக்கவைத்தால் அட்டை உரசிக் காது நுனியில் பெயின்ட் போய்விடும் என்று விளக்கினேன். கண்ணாடிமேல் நிறுத்திப் பார்த்தால்தான் நான்கு குளம்பும் சரியாகப் பதிகிறதா என்று தெரியும் என்பதையும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு, “சும்மாதான் கேட்டேன், மோர் ஊத்தட்டுமா” என்றாள்.

எனக்கு எதிராகச் சாட்சியம் சேர்க்கிறாள் என்று நினைக்கிறேன். கொஞ்ச நாளாகவே தையல்காரரிடம் ஜாக்கெட் கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அடிக்கடி வெளியே போகிறாள்.

செப்டம்பர் 21, சனி

விடிந்ததும் கறுப்புக் குதிரையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். தொட்டியில் முளைத்த புல்லுக்கு நடுவே நிறுத்தி, பின்னால் தூரத்தில் மலைக்கோட்டை தெரியும்படி தரையோடு படுத்துப் படம் எடுத்தேன். தேன்மொழியின் குதிரைகளுக்காக நான் சேர்ந்திருக்கும் பேஸ்புக் குழுவில் போட்டேன். படத்தில் குதிரை உயிரோடு நிற்பதுபோல இருக்க வேண்டும். அதுதான் அங்கே மரியாதை.

பதினோரு மணிக்குக் கரூரிலிருந்து சித்தப்பா மகன் மாணிக்கவாசகம் போன்.

“அண்ணே, குதிரை வாங்கிட்டீங்களாமே. படம் பார்த்தேன். தீனிக்கு என்ன பண்றீங்க?”

“அது பிளாஸ்டிக்குடா.”

“பிளாஸ்டிக்கா கொடுக்கறீங்க? வேணாம்ணே, வயித்துல அடைச்சுக்கும். உங்களுக்குத் தெரியாததா?”

செப்டம்பர் 24, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சரக்கு வந்துவிட்டது என்று பாய் கடைப் பையன் நேற்றே சொல்லியிருந்தான். தையல்நாயகியிடம் பென்ஷன் ஆபீசில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அந்த அம்மா இன்னும் வந்து எடுத்துப் போகவில்லை. பாய் பெட்டியைத் திறந்து காட்டினார்.

நேரில் பார்த்ததற்கு முன்னால் படத்தில் பார்த்தது ஒன்றுமே இல்லை. கழுத்துச் சரிவில் நரம்பு ஓடுவது தெரிகிறது. காதுகள் நுனியில் தொடுகின்றன. ஒரு நூல் விலகல் கிடையாது.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. குதிரையில் குறை இருந்தால் அந்த அம்மா வேண்டாம் என்பாள். வேண்டாம் என்றால் கடையில் கிடக்கும். கடையில் கிடப்பதை யாராவது வாங்கத்தானே வேண்டும்.

குதிரையைக் கையிலெடுத்து, சர்வீசில் இருந்தபோது பார்ப்பதுபோலவே பார்த்தேன். உதட்டோரம் விரல் வைத்துத் தடவினேன். விலாவை அழுத்தினேன். நான்கு கால்களையும் மேலிருந்து கீழாகத் தடவிவந்து, இடது பின்னங்காலில் கையை நிறுத்தினேன். ஏன் இடது பின்னங்கால் என்றால் காரணம் இல்லை. ஏதாவது ஒரு காலில் நிறுத்தியாக வேண்டும்.

“என்ன சார்?”

“நொண்டி பாய்.”

“பொம்மைங்க சார்.”

“பொம்மைன்னா கால் இல்லையா? இந்தக் கால் அரை நூல் குட்டை. வெயில் காலத்துல இன்னும் இறங்கும். ஒரு வருஷத்துல சாஞ்சு விழுந்துடும். முப்பத்தஞ்சு வருஷம் மாட்டாஸ்பத்திரியில இருந்தவன் சொல்றேன்.”

பாய் முகம் வாடிவிட்டது. பிறகு மூடியை எடுத்துப் பெட்டியை மூடினார்.

“நல்லவேளை சொன்னீங்க சார். அந்தம்மா அவ்ளோ ஆசையா கேட்டிருந்தாங்க. குறையுள்ள சரக்கைக் கொடுத்துட்டு நான் எப்படி அவங்க முகத்தைப் பார்ப்பேன்? விஷயத்தைச் சொல்லிட்டு, மெட்ராசுக்கே திருப்பி அனுப்பிடறேன்.”

“திருப்பி எதுக்கு பாய்? நான் எடுத்துக்கறேன்.”

“நொண்டின்னு நீங்களே சொன்னீங்க.”

“பரவாயில்ல.”

“உங்களுக்குப் பரவாயில்ல சார். தெரிஞ்சே கொடுத்தா எனக்குப் பாவம்.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் நேர்மையானவர். அவரிடம் இருக்கும் ஒரே குறை அதுதான்.

செப்டம்பர் 25, புதன்

தையல்நாயகி மத்தியானம் தையல்காரரிடம் போய்விட்டு வந்தாள். வந்ததிலிருந்து பேச்சு இல்லை. காபி டம்ளரை வைத்த வேகத்தில் பாதி டவராவுக்கு வெளியே இருந்தது. சாம்பாரில் உப்பு இல்லை. தையல்காரர் ஜாக்கெட்டைக் கெடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 26, வியாழன்

உப்பு இன்னும் திரும்பவில்லை.

செப்டம்பர் 28, சனி

எதிர்வீட்டு லூர்து டீச்சர் கொலுப்படி கட்ட உதவிசெய்ய வந்தார். கிறிஸ்தவர் என்றாலும் எங்கள் கொலுவுக்குத் தவறாமல் வருபவர், சுண்டலுக்கு உப்பு சரிபார்ப்பவரும் அவர்தான். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இருவரும் பலகை துடைத்தபடி பேசினார்கள்.

“டீச்சர், ஒரு வேடிக்கை கேளுங்க. பெரிய கடைவீதியில ஒரு பொம்மைக் கடை. அங்க ஒரு பெரியவர் வந்து பொம்மைக் குதிரைக்கு வைத்தியம் பார்த்தாராம்.”

“பொம்மைக்கா?”

“உதட்டைத் தடவினாராம். விலாவை அழுத்தினாராம். கடைசியில, இது நொண்டி, விக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். ஒருத்தி ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லிவச்ச பொம்மை. வீட்டுக்காரருக்குத் தெரியாம வாங்கிக் கொலுவுல வச்சுக் காட்டணும்னு, அவர் கடைப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லிவச்சு, நாய் படாத பாடு பட்டிருக்கா.”

“அடப்பாவமே. யாராம் அந்தப் பெரியவர்?”

“பேர் தெரியாதாம். மாட்டாஸ்பத்திரியில இருந்தவராம்.”

பலகை துடைக்கும் சத்தம் நின்றது. பேப்பருக்கு இந்தப் பக்கம் நான் டெண்டர் அறிவிப்பை இரண்டாவது தடவை படித்தேன். பொதுப்பணித் துறை மணச்சநல்லூரில் வாய்க்காலுக்கு மேல் ஒரு கல்வெர்ட் கட்டப்போகிறது.

“சார்,” என்றார் டீச்சர், “பேப்பர்ல என்ன விசேஷம்?”

“கல்வெர்ட் கட்டறாங்க டீச்சர்.”

“கட்டட்டும் சார், கட்டட்டும்.”

திருச்சியில் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்கள் பலர் இருக்கிறோம். அதைக் குறித்துவைக்கிறேன். மேலும், 10ஆம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம். அந்த அம்மா தில்லைநகர் இல்லை. காரும் டிரைவரும் கிடையாது. பவுடர் டப்பாவும் இல்லை, மஞ்சள்தான் பூசுவாள்.

செப்டம்பர் 30, திங்கள்

நேற்று ஞாயிறு, கடை இல்லை. இன்று மத்தியானம் பாய் கடைக்கு நேராகப் போனேன், சுற்று வழியில் இல்லை.

“பாய், அந்தக் குதிரைக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன். அந்த அம்மாவுக்கே கொடுத்துடுங்க.”

“போயிடுச்சே சார். இன்னிக்குக் காலையிலதான் போச்சு.”

காலை லாரி சர்வீஸில் போயிருக்கும். நாளை மதியம் சென்னையில் இருக்கும். கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பாய் டீ சொன்னார், குடிக்க முடியவில்லை. எனக்காக வாங்கவிருந்த குதிரையை நானே நொண்டி என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தையல்நாயகியிடம் என்ன சொல்வது என்று பஸ்சில் வார்த்தை தேடினேன். வீட்டுக்கு வந்ததும், “தேங்காய் உரிக்கணுமா?” என்று கேட்டேன்.

“உரிங்க,” என்றாள்.

மூன்று தேங்காய் உரித்தேன். தேவைப்பட்டது ஒன்று.

அக்டோபர் 3, வியாழன்

கொலு முதல் நாள். காலையில் கூடத்துக்கு வந்தபோது படிகளில் எல்லாப் பொம்மைகளும் ஏறியிருந்தன. மூன்றாம் படியில், தசாவதாரத்துக்கும் செட்டியார் தம்பதிக்கும் நடுவில், கத்தியவார் பெண் குதிரை நின்றது. காதுகள் நுனியில் தொட்டுக்கொண்டு.

இடது பின்னங்காலில் மஞ்சள் துணியால் கட்டு.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. தையல்நாயகி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“மெட்ராசுக்குப் போயிடுச்சுன்னு…”

“பாய் தர மாட்டேன்னுதான் சொன்னார். குறையுள்ள சரக்காம். நான்தான் சொன்னேன், நொண்டின்னாலும் கொடுங்க பாய், எங்க வீட்டுல டாக்டர் இருக்கார்னு.”

டாக்டர் என்றுதான் சொன்னாள். நான் இரண்டாவது முறை கேட்கவில்லை.

சாம்பாரில் இன்று உப்பு இருந்தது.

அக்டோபர் 5, சனி

கொலு பார்க்க வருகிற எல்லாப் பெண்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குதிரைக் காலுக்கு என்ன? தையல்நாயகி எல்லோருக்கும் தரும் பதில் ஒன்றுதான்: “டாக்டரைக் கேளுங்க.” உடனே எல்லோரும் என் பக்கம் திரும்புகிறார்கள்.

சுளுக்கு என்று சொல்லிவருகிறேன். மூன்றாவது வீட்டு அலமேலு மாமி, ஊசி போட்டாச்சா என்று கேட்டார். லூர்து டீச்சர் தினமும் வந்து, “இன்னிக்குக் கால் எப்படி இருக்கு சார்? தீனி எடுக்குதா?” என்று விசாரித்துவிட்டு இரண்டு கை சுண்டல் வாங்கிக்கொண்டு போகிறார்.

அக்டோபர் 8, செவ்வாய்

மத்தியானம் தையல்நாயகி அசந்து தூங்கினாள். கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. துணிச் சாயம் ஒட்டியிருந்தால் உடனே துடைக்க வேண்டும், வேறு காரணம் இல்லை.

சாயம் ஒட்டவில்லை. குதிரையை முகம் பார்க்கும் கண்ணாடிமேல் நிறுத்தினேன்.

ஆடியது.

கண்ணாடியைத் திருப்பிவைத்துப் பார்த்தேன். ஆடியது. டீப்பாய்க் கண்ணாடிமேல் வைத்தேன். அங்கேயும் ஆடியது. மூன்று குளம்பு பதிகிறது, ஒன்று பதியவில்லை. இடது பின்னங்கால். சுமார் அரை நூல்.

அன்று கடையில் நான் இதைக் கண்ணாடிமேல் நிறுத்திப் பார்க்கவே இல்லை. பொய் சொல்லப் போகிறவன் பரிசோதனை செய்வதில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே குதிரை இது. நோயைச் சரியாகச் சொல்லியிருக்கிறேன்.

கட்டைப் பழையபடி கட்டிவிட்டேன். இந்த முறை கொஞ்சம் முறையாக.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. புத்தகங்களை அடுக்கி முடித்ததும் தையல்நாயகியிடம் சொல்லிவிட்டேன்.

“தையல், அந்தக் குதிரை நெஜமாவே நொண்டி.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“வாங்கும்போது பாய் கடைக் கண்ணாடி மேசைமேல நிக்கவச்சுப் பார்த்தேன். ஆடுச்சு. எந்தக் கால்னு நீங்க சொன்னீங்களோ அதே கால். பொய் சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சுத்தான் அத்தனை கோவம். அது ஆடினதும் பாதி போயிடுச்சு.”

“மீதிப் பாதி?”

“கடைக்குப் போகாதீங்கன்னா போனீங்களே, அது. அதுக்குத்தான் உப்பு, அதுக்குத்தான் கட்டு. ஆனா வைத்தியத்துல குத்தம் சொல்ல முடியாது. கையால தொட்டே கண்டுபிடிச்சிருக்கீங்க. இத்தனை வருஷமா நான்தான் எல்லார்கிட்டயும் இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர்னு சொல்லிக்கிட்டு இருந்துட்டேன்.”

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியிருக்கலாம். சுண்டலில் இன்று மாங்காய் போட்டிருந்தாள், நன்றாக இருந்தது.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. இரவு ஆரத்தி எடுத்து முடித்ததும், கொலு நிறைவுக்கு ஒரு பொம்மையைப் படுக்கவைக்க வேண்டும். எப்போதும் மரப்பாச்சிதான் படுக்கும். இந்த வருடம் தையல்நாயகி குதிரையை எடுத்தாள்.

“பத்து நாளா நொண்டிக் காலோட நின்னுச்சு. அது படுக்கட்டும்.”

படி மரப்பலகை, துணி முரடு. காது நுனி. வாயைத் திறப்பதற்குள் அவள் முந்தானை முடிச்சிலிருந்து பஞ்சை எடுத்தாள். திரிக்கு உருட்டிய பஞ்சு. அதைக் காதுக்குக் கீழே அணைகொடுத்து வைத்துவிட்டு, குதிரையைப் படுக்கவைத்தாள்.

நான் வைத்திருந்தாலும் அவ்வளவு சரியாக வைத்திருக்க மாட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

கொலு எடுத்தோம். கட்டைப் பிரித்துக் குதிரையைத் துடைத்து, தேன்மொழி அறைக்குக் கொண்டுபோனேன்.

“அதை எங்க எடுத்துட்டுப் போறீங்க?”

“அறைக்கு. வரிசையில…”

“அது என்னுது. கொலுப் பொம்மை நான் வாங்கினது. என் பீரோவுல நிக்கும்.”

“உன் பீரோவுல புடவை இருக்கே?”

“புடவை நகரும்.” பிறகு கேட்டாள், “இது என்னுது. அந்த நாப்பத்தொண்ணும் யாருது?”

தேன்மொழியுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் காத்திருந்தாள்.

“என்னுது,” என்றேன்.

“அப்படிச் சொல்லுங்க. அப்ப ஞாயித்துக்கிழமை தூசி தட்டும்போது என்னுதையும் சேர்த்துத் தட்டிடுங்க.”

சாயங்காலம் சிக்கந்தர் பாய் போன் செய்தார். கம்பெனி தை மாதம் மார்வாரி ஆண் குதிரை விடுகிறதாம். திருச்சிக்கு ஒன்றுதான் வருமாம். எனக்கு எழுதிவையுங்கள் என்றேன்.

“அந்தம்மா நேத்தே சொல்லிட்டாங்களே சார்,” என்றார்.

கூடத்தில் எட்டிப் பார்த்தேன். தையல்நாயகி மடியில் போனை வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, எதையோ விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பீரோவைத் திறந்தேன். புடவைகள் நகர்ந்திருந்தன. கண்ணாடித் தட்டில் குதிரை லேசாகச் சாய்ந்து நின்றது. பாய் கடைக்குப் போன 24ஆம் தேதி பஸ் டிக்கெட் இந்த டைரிக்குள் அப்படியே இருந்தது. நாலாக மடித்து இடது பின்னங்குளம்புக்குக் கீழே வைத்தேன்.

இப்போது ஆடவில்லை.